அறிவிப்பின் கடைசி வரி

கிராம சபை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தீர்மானங்களைப் பற்றியே பேசுகிறார்கள். மதுக்கடையை மூடச் சொல்லிப் போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று, வரவு செலவை வாசித்தார்களா, கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிட்டார்களா என்றெல்லாம். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அறிவிப்புத் தாளின் அடியில் 'இடம்' என்றொரு வரி இருக்கிறது. யார் வருவார்கள், வந்தவர்களில் யார் வாய் திறப்பார்கள் என்பது பெருமளவு அந்த வரியிலேயே முடிவாகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் யாரும் சண்டை போடுவதில்லை.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்று ஏற்பாடு. கூடும் இடம் குறித்து மாவட்ட நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்பவற்றில் இரண்டு முக்கியமானவை. மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கூட்டம் நடத்தக்கூடாது என்பது ஒன்று. ஒரே இடத்தில் நடத்தாமல் சுழற்சி முறையில் இடத்தை மாற்ற வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் விதியை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். கோயில் மண்டபம் நிழலானது, ஊருக்கு நடுவில் இருப்பது, எல்லாருக்கும் வழி தெரிந்தது. முன்பு சபைகள் கூடியதும் அங்கேதானே என்று சிலர் உத்திரமேரூரைக் காட்டுவார்கள். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருப்பது உண்மை. அந்தச் சபை நிலமும் வேதப் படிப்பும் உடைய பிராமணர்களின் சபை என்பதும் அதே அளவு உண்மை. குடவோலையைப் பெருமையோடு சொல்லும் மேடைகளில் இந்த இரண்டாவது செய்தி ஏனோ விட்டுப்போகிறது. இன்றும் சில ஊர்களில் கோயிலுக்குள் நுழைவதே வழக்காகவும் கலவரமாகவும் மாறுகிறது. அப்படியிருக்க, ஊராட்சிக் கணக்கைக் கேட்க அந்த வாசலைத் தாண்டி வரச் சொல்வது எப்படிச் சரியாகும்?

விதியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது மதத்தைப் பார்க்கிறது, சாதியைப் பார்க்கவில்லை. தென்மாவட்ட ஊர்களின் மந்தையையும் சாவடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாமி சிலை இல்லாத சாவடி மதச்சார்புள்ள வளாகம் ஆகாது, ஆகவே சுற்றறிக்கை அதைத் தடுக்காது. ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காகிதத்தில் பொது இடம், நடப்பில் ஒரு தரப்பின் இடம்.

அரசுக் கட்டடம் என்றால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்பவும் முடியவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. தலைமை தாங்க வேண்டியவருக்கே அந்த நிலை. ஊராட்சி அலுவலகத்தில் நடத்துவதில் ஒரு நன்மை உண்டு: பதிவேடும் ரசீதும் பக்கத்திலேயே இருக்கும், "ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நழுவ முடியாது. ஆனால் கூடம் சிறியது. முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்தால் மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். வெளியே நிற்பவர் கணக்குக் கேட்டு எங்கும் பார்த்ததில்லை.

பள்ளி வளாகம் பல விதத்தில் மேல். குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்ற வந்தவர்கள் அப்படியே கூட்டத்துக்கும் இருக்கலாம். மர நிழல், தண்ணீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை. மே மாத வெயிலில் ஷாமியானா பந்தலில் மூன்று மணி நேரம் உட்காரும் பெண்களுக்கு அது சின்ன விஷயமல்ல. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் பாதியிலேயே எழுந்து போவதை ஆர்வமின்மை என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் பள்ளியும் அலுவலகமும் பெரும்பாலும் தாய்க் கிராமத்தில்தான் இருக்கும். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்குள் ஏறத்தாழ 79,000 குக்கிராமங்கள் என்பது அரசு நெடுங்காலமாகச் சொல்லிவந்த கணக்கு. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. ஆறு ஊருக்கும் ஒரே இடம் என்றால் ஐந்து ஊர்க்காரர்கள் நடந்தோ ஷேர் ஆட்டோ பிடித்தோ வர வேண்டும். சுழற்சி விதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. காலனியில் கூட்டம் நடந்தால் அங்கே எரியாத தெருவிளக்கைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை, அதிகாரி கண்ணாலேயே பார்க்கலாம்.

ஏன் அது நடப்பதில்லை? சோம்பல் ஒரு காரணம். மைக்கும் நாற்காலியும் போன முறை வைத்த இடத்திலேயே வைப்பது எளிது. அடுத்தது குறைவெண். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். காலனியில் வைத்தால் ஊர்த்தெருக்காரர்கள் வர மறுப்பார்கள், எண்ணிக்கை சேராது என்ற பயம் தலைவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுடையது. அவர்கள் தெருவில் கூடினால் கூட்டம் குறையும் என்ற வாதம் எனக்குப் பிடிபடவில்லை. குறையப்போவது சில குறிப்பிட்ட முகங்கள் மட்டும்தான்.

சுழற்சி ஒழுங்காக நடந்தாலும் ஒரு கடைசிக் குக்கிராமத்தின் முறை வர ஓராண்டாகும். கேரளம் வேறு வழி பிடித்தது: அங்கே ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் கிராம சபை. வார்டுக்குள்ளேயே கூட்டம் என்பதால் தூரம் பெரிதாகத் தடுப்பதில்லை. அதில் இழப்பும் உண்டு. ஊராட்சியின் மொத்த வரவு செலவை எல்லா ஊரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு போய்விடும், காலனிக்காரர்கள் தங்கள் குறையைத் தங்களுக்குள்ளேயே பேசிக் கலையவும் நேரலாம். ஆகவே அதை அப்படியே கொண்டுவரச் சொல்லமாட்டேன். குக்கிராமந்தோறும் முதலில் ஒரு சிறு கூட்டம், அதன் கோரிக்கைகள் எழுத்தில் கிராம சபைக்கு, கிராம சபை சுழற்சியில் — இந்த வரிசை நம் ஊராட்சிகளுக்குப் பொருந்தும்.

அதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏழு நாள் முன்னதாக ஒட்டும் அறிவிப்பில், இந்தக் கூட்டம் நடக்கும் இடத்தோடு கடந்த ஆறு கூட்டங்கள் நடந்த இடங்களையும் அச்சிடச் சொன்னால் போதும். ஆறு வரிகளிலும் ஒரே பெயர் வந்தால், ஏன் என்று தலைவர் கூட்டத்திலேயே பதில் சொல்லட்டும்.