விடியும்வரை ஓடிய நாடா

கர்ண மோட்சக் கூத்தைப் பதிவில் கேட்பதென்றால் ஸ்டூடியோ கேசட் எனக்கு வேண்டாம். செய்யாற்றுப் பக்கம் ஏதாவதொரு ஊரில், திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில், ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்து விடிய விடியப் பிடித்த பதிவு வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் அப்படிப்பட்ட கேசட்டுகள் கைமாறிக் கைமாறி என்னிடமும் சில வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலில் களரி கட்டுகிறார்கள். மிருதங்கம், டோலக், கைத்தாளம் மூன்றும் சேர்ந்து ஊரை எழுப்ப, அதன் தலைக்குமேல் முகவீணை ஏறுகிறது. நாகசுரத்தோடு பார்த்தால் சாண் குழல்தான்; குரலோ கத்தியின் கூர்மை. அப்புறம் திரை பிடிக்கிறார்கள். கர்ணன் பாடுவதற்கு முன்பே அவன் கால் கெச்சை கேட்கிறது. திரைக்குப் பின்னால் துணியில் அமுங்கி வந்த குரல், திரை விலகியதும் சட்டென்று திறந்துகொள்கிறது. இனி அவன் களத்தில் நிற்கமாட்டான். சுழன்று ஆடியபடி கோடிக்குப் போகும்போது குரல் மெலிய, பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது காதருகே பாடுகிறான். ஒலிவாங்கி இருந்த இடத்திலேயே இருப்பதால் ஆடுகளத்தின் நீள அகலம் முழுக்க நாடாவில் விழுந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனி மைக் வைத்துச் சமன்படுத்திய பதிவில் இந்தத் தூரம் காணாமல் போகிறது. அது போனால் கூத்தில் பாதி போயிற்று.

மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தில் தாளம் ஓய்ந்துவிடும். ஆர்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் விருத்தம் பாடுகிறான். என்னிடமுள்ள பதிவில் அங்கே ஒரு குழந்தை வீறிடுகிறது, யாரோ அதட்டுகிறார்கள், ஜெனரேட்டர் இரைகிறது. பாடகர் அந்த இரைச்சலுக்கும் மேலே குரலை நிறுத்தி, மூச்சு முடியும் வரை இழுக்கிறார். இரைச்சலை நீக்கிவிட்டால் அவர் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடினார் என்பதே விளங்காது.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாடல்களை விரும்புகிறவர்களுக்கு இது புரியும். செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை அந்த மலைகளில் ஏறி இறங்கிக் கதைப்பாடல்களைக் காதால் கேட்டுச் சுரக்குறிப்பாக எழுதினார். மெட்டு கிடைத்தது, தொண்டை கிடைக்கவில்லை. 1937-இல் ஆலன் லோமாக்ஸ் கென்டக்கி மலைகளுக்குத் தட்டில் பதியும் கருவியோடு போனார். பாஞ்சோவின் நரம்பைவிட்டு நகம் எழும் ஓசை வரை நமக்குக் கிடைப்பது அத்தகைய பதிவுகளால்தான்.

நம் பக்கத்துக்கும் ஒருவர் வந்தார். டச்சுக்காரரான ஆர்னால்டு பாகே 1938-இல் தென்னிந்தியாவில் பதிவு செய்தார். அவர் மாணவர் நசீர் ஜெயராஸ்பாய் 1984-இல் அதே தடத்தில் மறுபடி வந்தார். கொங்கு நாட்டில் பிரெண்டா பெக் 1965-இல் அண்ணன்மார் கதையை இரவிரவாக ஒலிநாடாவில் பிடித்தார். பதியாமல் போனால் என்ன ஆகும் என்பது காஞ்சிக்குத் தெரியும். லயத்தில் சிங்கமென்று பேரெடுத்த காஞ்சிபுரம் நாயனா பிள்ளை 1934-இல் மறைந்தார். இசைத்தட்டு கொடுக்க அவர் இசையவில்லை. சீடர்கள் பாட்டில் அவரைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

கூத்துக்கு அந்தக் கதி வராததற்கு கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னா டி பிரயினும் முக்கியக் காரணம். 1990-இல் இங்கே கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கிப் பெண்பிள்ளைகளுக்கும் அடவும் பாட்டும் கற்றுக்கொடுத்தார்கள். குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. கர்ண மோட்சத்தின் பாடத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு டி பிரயின் 1998-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு கேசட்டைக் கேட்டுப் பாருங்கள். அச்சில் ஒரே வரியாகக் கிடப்பதைப் பாடகர் எத்தனை முறை திருப்பி, எங்கெங்கே உடைத்து, பின்பாட்டிடம் எந்தச் சொல்லில் ஒப்படைக்கிறார் என்பது தெரியும்.

பரணில் இப்படிப்பட்ட கேசட்டுகள் வைத்திருப்பவர்கள் சுற்றுக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். பூசணம் பிடிக்கும் முன் கணினியில் ஏற்றிவிடுங்கள். இரைச்சலை வடிகட்ட வேண்டாம், ‘வெட்டி’ப் பேச்சென்று கோமாளியான கட்டியக்காரன் பகுதியை விட்டுவிடவும் வேண்டாம். எந்த ஊர், எந்த ஜமா, முகவீணை யார் என்பதை மேலேயே எழுதுங்கள். கர்ணன் வேடக்காரர் பெயர் ஊருக்கே நினைவிருக்கும். முகவீணைக்காரர் பெயரைத்தான் யாரும் குறிப்பதில்லை.