முதல் பார்வையும் கல் யாளியும்

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே உள்ள றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக் காம்பிராக்கள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கூடவே வளர்ந்த முகங்களைத்தான் கொழுந்து மலையிலும் பார்க்க வேண்டும். அங்கே கண்டதும் காதல் என்றால் திருவிழாக் கூட்டமோ ரயில் பயணமோ வேண்டும்.

சிறுகதை எழுத்தாளர் மௌனி அப்படியொரு முதல் பார்வைக்குக் கோயிலைத் தேர்ந்தார். 1937இல் ‘மணிக்கொடி’யில் வந்தது அவருடைய ‘அழியாச்சுடர்’ கதை. இளைஞன் ஒருவன் கோயிலில் ஒரு சிறுமியைப் பார்க்கிறான். அவளுக்காக எதையும் செய்யத் தயார் என்று சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடி அவளைக் கோயிலில் காண்கிறான்.

அப்போது அங்கிருந்த கல் யாளியே எழுந்து நிற்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. மனப் படபடப்பை நேராகச் சொல்லாமல் கல்லின்மேல் ஏற்றிய அந்த இடம் தமிழ்ச் சிறுகதையின் உச்சங்களில் ஒன்று. காதல் இனிப்பாக இல்லை, அச்சமூட்டுகிறது. கொடுத்த வாக்கு இத்தனை காலம் கழித்துக் கடனாகத் திரும்பி வருகிறது.

ஜன்னலுக்கு வெளியே இலையற்ற மரம். அதைப் பார்த்தபடி அவன் நண்பனிடம் சொன்னதுதான் முழுக்கதையும். நடந்தது உண்மையா, பிரமையா? அந்த நண்பனுக்கும் தெரியாது; மௌனியும் தீர்ப்புச் சொல்லவில்லை.