‘வெறும் ரசம்தான்’: ராத்திரிச் சமையல் பற்றிய பேச்சை வாசித்தல்

தாலாட்டைச் சேகரித்திருக்கிறோம். ஒப்பாரியை, விடுகதையை, நடவுப் பாட்டை, சொலவடையைச் சேகரித்திருக்கிறோம். பெண்களின் வாய்மொழி என்று நமது நாட்டார் வழக்காற்றியல் அடுக்கிவைத்திருக்கும் இந்த வகைகளுக்கு நடுவில், தமிழ்ப் பெண்கள் தினசரி பேசுகிற ஒரு பேச்சுக்குப் பெரிதாக இடமில்லை. ‘ராத்திரிக்கு என்ன?’ என்று தொடங்குகிற பேச்சைச் சொல்கிறேன். அதில் சந்தம் கிடையாது. சடங்கு எதையும் ஒட்டி அது வருவதில்லை. தொடக்கம், முடிவு என்று பிரித்தெடுக்க முடியாது. எல்லோர் வாயிலும் இருப்பதாலேயே யார் காதிலும் அது ஒரு ‘வழக்காறாக’ விழுவதில்லை. இங்கே அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கப் பார்க்கிறேன்.

இப்படிச் சொன்ன உடனே இரண்டு வாசிப்புகள் தயாராக வந்து நிற்கின்றன. அடுப்படி பெண்ணின் சிறை, அடுப்படிப் பேச்சு அந்தச் சிறையின் சங்கிலிச் சத்தம் என்பது ஒன்று. ஆண்மொழி எட்டாத இடத்தில் பெண்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட மாற்றுச் சொல்லாடல் அது, எனவே கொண்டாட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது, வாக்கியங்களைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது, கேட்டுவிட்டு மயங்கிப்போகிறது. அந்தப் பேச்சுக்குள் என்ன நடக்கிறது, அது எந்த வீட்டு வாசலோடு நின்றுபோகிறது என்கிற கேள்விகள் இரண்டிலும் இல்லை.

1

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில், சாயங்கால நேரத்துப் பெண்கள் பெட்டி இந்தப் பேச்சுக்கு நல்ல களம். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்கள், விற்காத பூக்கூடையோடு வருகிறவர்கள். மடியில் கீரை ஆய்கிறார்கள், பூண்டு உரிக்கிறார்கள், அவரைக்காய்க்கு நார் எடுக்கிறார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் ராத்திரிச் சமையலில் கால்வாசி முடிந்துவிடுகிறது. பல வருஷமாக அந்தப் பெட்டியில் போய்வருகிறவள் என்ற முறையில், காதில் விழுகிறதன் பொதுவடிவத்தை இப்படித் தொகுத்துச் சொல்லலாம்:

‘என்னக்கா, ராத்திரிக்கு என்ன?’

‘என்னத்தப் பெரிசா. காலைல வச்ச கொழம்பு கொஞ்சம் கெடக்கு. வெறும் ரசத்த வச்சு, ரெண்டு அப்பளத்தப் பொரிச்சா முடிஞ்சுது. ஒங்க வீட்ல?’

‘அவருக்குச் சப்பாத்தி போடணும், சுகரு. சின்னவனுக்குத் தோசைதான் வேணுமாம். மாமியாருக்குக் காரம் ஆகாது. இந்தா கெடக்கு நாலு கத்திரிக்கா, இத வச்சு எதையாச்சும் பண்ணணும்.’

இந்தச் சில வாக்கியங்களில் ‘நான்’ ஒருமுறைகூட வரவில்லை. தமிழில் எழுவாய் தொக்கி வருவது இயல்புதானே என்று கேட்கலாம். எம்.ஏ. தமிழில் நானும் அதைத்தான் படித்தேன். ஆனால் தொக்குகிறவள் ஒருத்திதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் வெளிப்படையாக, உருபோடு வருகிறார்கள்: அவருக்கு, சின்னவனுக்கு, மாமியாருக்கு. சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் நான்காம் வேற்றுமையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ‘எனக்கு’ என்ற சொல்லுக்கு மட்டும் அந்தப் பந்தியில் இலை போடவில்லை. தனக்கு என்ன பிடிக்கும் என்று அவள் சொல்வதில்லை. மற்றவளும் அதைக் கேட்பதில்லை.

இரண்டாவதாக, ‘வெறும்’. ரசம் என்பது என்ன? புளியை ஊறவைத்துக் கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் நசுக்கி, தக்காளியைப் பிசைந்துவிட்டு, பருப்புத் தண்ணீரை விளாவி, நுரை கட்டிவரும்போது கொதிக்க விடாமல் இறக்கி, கடுகு தாளித்துக் கொட்டி முடிகிற வேலை. இத்தனை வினையெச்சங்களையும் ‘வெறும்’ என்கிற ஒரு அடைமொழி விழுங்கிவிடுகிறது. உழைப்பை மறைக்கும் குறி அது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்த முடியாது. எதிரே நிற்கிறவள் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, தன் வீட்டில் வைத்ததைக் குறைத்துச் சொல்வது அவளுக்கு இடம்விடுவது. ‘வெறும் ரசம்’ என்று இவள் சொன்னால்தான், அதைவிடக் குறைவாக உள்ளவளும் வாய் திறந்து பதில் சொல்ல முடியும். ஆக, ஒரே சொல் தன் உழைப்பை அழிக்கிறது, மற்றவளைப் பேச்சுக்குள் சேர்த்துக்கொள்ளவும் செய்கிறது. இந்த இரட்டைத்தன்மையை விட்டுவிட்டால் சிறை என்போம், இல்லாவிட்டால் சொர்க்கம் என்போம்.

மூன்றாவதாக, வினைச்சொற்கள். இந்தப் பேச்சில் ‘சமைத்தேன்’ என்பது அநேகமாக வருவதே இல்லை. சோறு வடிக்கிறார்கள், பொங்குகிறார்கள், ஆக்குகிறார்கள். குழம்பு வைக்கிறார்கள். கீரை கடைகிறார்கள். துவையல் அரைக்கிறார்கள். இட்லி அவிக்கிறார்கள். தோசையை ஊற்றுகிறவர்கள் உண்டு, சுடுகிறவர்கள் உண்டு, வார்க்கிறவர்கள் உண்டு. களி கிண்டுகிறார்கள், கூழ் காய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு வினையும் கையின் ஒரு அசைவு. எந்த வினையை எடுக்கிறாள் என்பதிலேயே பல சமயம் ஊரும் சாதியும் தெரிந்துவிடுகின்றன. 2019இல் மத்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷங்களையும் அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிஷங்களையும் அதில் செலவழிக்கிறார்கள். எண் தேவையானதுதான். ஆனால் வடிப்பதும் கடைவதும் கிண்டுவதும் அங்கே ‘வீட்டுவேலை’ என்கிற ஒற்றைப் பெயருக்குள் போய்விடுகின்றன. பேச்சு அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது.

2

இந்தப் பேச்சு அச்சுக்குப் போனபோது என்ன ஆனது? எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. உறவுக்காரப் பெண்கள் கடிதம் போட்டுச் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு அந்தப் புத்தகம். அதாவது அதன் வேர் பெண்களுக்கிடையேயான கேள்வி-பதிலில்தான் இருக்கிறது. ஆனால் புத்தகமானவுடன் கேள்வி போய்விட்டது, பதில் மட்டும் நின்றது. தலைப்பே ஏவல் வினைமுற்று. சமையல் புத்தகத்தின் ஏவலை நான் குறைசொல்லவில்லை. மாமியாரின் ஏவலிலிருந்து தப்பிக்க எத்தனையோ பேருக்கு அது உதவியிருக்கிறது. தாயின் பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பில்லாத மருமகள்களுக்குப் புத்தகம் ஒரு சுதந்திரம்.

ஆனால் வகைமை மாறிவிட்டது என்பது முக்கியம். சமையல் குறிப்பு எப்போதும் ‘தேவையான பொருட்கள்’ என்று தொடங்குகிறது. அவை இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறது. ராத்திரிப் பேச்சு தொடங்குவது இல்லாததிலிருந்து. தேங்காய் இல்லை, பருப்பு தீர்ந்துபோச்சு, காஸ் எப்போது வேண்டுமானாலும் தீரலாம், ‘இருக்கிறத வச்சு’. குறிப்பு சொல்வது ‘எப்படி’. பேச்சு சொல்வது ‘எதைக் கொண்டு’. ஒரு வீட்டின் பொருளாதாரம் முழுவதும் அந்த ‘வச்சு’ என்கிற சொல்லில் உட்கார்ந்திருக்கிறது.

‘ராத்திரி’ என்ற சொல்லும் எல்லோருக்கும் ஒன்றல்ல. நிலமோ உத்தியோகமோ உள்ள வீடுகளில் பெரிய சமையல் பகலில் நடந்தது. ராத்திரிக்கு மிச்சம், இல்லையென்றால் பலகாரம். கூலி வீடுகளில் இது தலைகீழ். கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், சாயங்காலம் முந்தியில் வாங்கிவந்ததைக் குத்திப் புடைத்த பிறகுதான் உலை வைக்க முடிந்தது. நாளின் ஒரே சமையல் ராத்திரிச் சமையல்தான். அதில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததுதான் மறுநாள் காலைப் பழையது. ‘காலைல வச்ச கொழம்பு கெடக்கு’ என்பதும் ‘இனிமேத்தான் ஒலை வைக்கணும்’ என்பதும் ஒரே கேள்விக்கு வரும் இரண்டு பதில்கள் மட்டுமில்லை. இரண்டு வர்க்கங்களின் நேரக்கணக்கு. இன்றைக்கு ரயில் பெட்டியில் அந்த இரண்டு பதில்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருகின்றன.

3

தொல்காப்பியம் கருப்பொருளை வரிசைப்படுத்தும்போது தெய்வத்துக்கு அடுத்து உணவை வைக்கிறது. நிலம் மாறினால் உணவு மாறும் என்பது அதன் உள்ளே இருக்கிற கருத்து. சமைத்தவள் யார், அவள் என்ன சொன்னாள் என்பது அந்தப் பட்டியலில் சேராது. அதற்குப் பாட்டுகளுக்குள்தான் போக வேண்டும்.

கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாட்டை (167) எல்லோரும் படித்திருப்போம். கட்டித்தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்து, தாளிப்புப் புகை கண்ணில் படிய, புதுக்குடித்தனக்காரி ஒருத்தி தானே துழாவிக் குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இல்லறத்தின் இனிமை என்று வகுப்பறைகள் இதைச் சொல்லித்தந்தன. கூற்று யாருடையது என்று பாருங்கள். மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலி, நற்றாயிடம் சொல்கிறாள். ஒரு வீட்டுச் சாப்பாட்டை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வதுதான் இந்தப் பாட்டின் அமைப்பு. நாம் பேசுகிற வகைமைக்குத் தமிழில் கிடைக்கிற பழைய சான்றுகளில் ஒன்று இது. ஆனால் சமைத்தவளுக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. முகம் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ரயில் பெட்டிப் பேச்சு இந்த இடத்தில் சங்கப் பாட்டை மீறுகிறது. ‘நான்’ என்று சொல்லாவிட்டாலும் அங்கே சமைத்தவள் தன் வாயால் சொல்கிறாள்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. பாணன் வீட்டு அடுக்களையில் குட்டி போட்ட நாய் கிடக்கிறது, கூரை இற்று விழுகிறது, சுவரைக் கரையான் தின்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை அவன் மனைவி நகத்தால் கிள்ளிவந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்பதற்கு முன்னால், மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துக்கொள்கிறாள்.

அவளிடம் ‘ராத்திரிக்கு என்ன?’ என்று கேட்க முடியாது. கேட்டால் அது விசாரிப்பாக இருக்காது, விசாரணையாகிவிடும். ‘வெறும்’ என்கிற சொல்கூட அவளுக்கு உதவாது. வெறும் ரசம் என்று சொல்ல ரசமாவது வேண்டும். இந்தப் பேச்சு யாரையும் விலக்குவதில்லை என்று கொண்டாடுகிறவர்கள் அடைத்த அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும்.

4

வறுமை ஒரு கதவு என்றால் சாதி இன்னொன்று. ‘கறி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சங்க இலக்கியத்தில் அது மிளகு. பிராமண வீட்டில் காய். பெரும்பாலான மற்ற வீடுகளில் இறைச்சி. ‘இன்னிக்கு என்ன கறி?’ என்று கேட்கிறவளும் பதில் சொல்கிறவளும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு உலகத்தில் நிற்க முடியும். இதை வட்டார வழக்கு என்று அகராதியில் தள்ளிவிட்டால் பிரச்சினை தீராது. ஏனென்றால், எந்தக் கறி என்று சொல்ல முடியாத பெண்கள் இருக்கிறார்கள். சென்னையில் ‘வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்’ என்று பலகை தொங்குகிற தெருக்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்துகொண்டு கருவாடு வறுக்க முடியாது. வாசனை காட்டிக்கொடுத்துவிடும். மாட்டுக்கறி சாப்பிடுகிற வீட்டுப் பெண்ணின் பதில் பொது இடத்தில் இன்னும் சுருங்குகிறது: ‘கொழம்பு வச்சேன்.’ என்ன குழம்பு என்பது வராது. தன் வீட்டுக் குழம்புக்குப் பெயர் சொல்ல முடிவதே ஒரு சலுகை என்று அப்போதுதான் தெரிகிறது. இந்த மௌனமும் பிரதியின் பகுதிதான்.

யார் கையிலிருந்து யார் வாங்கிச் சாப்பிடுவார்கள் என்பதை வைத்தே ஒரு கிராமத்தின் சாதி அடுக்கைக் கணக்கிட முடியும் என்று மெக்கிம் மேரியட் 1968இல் காட்டினார். தமிழ்ப் பிராமண வீடுகளில் உணவு எப்படி ஒரு மோதல் மொழியாகிறது என்று அர்ஜுன் அப்பாதுரை 1981இல் எழுதினார். அவர்கள் பார்த்தது உணவு கைமாறுகிற இடத்தை. பேச்சு அதைவிடக் கொஞ்சம் தூரம் போகிறது. குழம்புக் கிண்ணம் ஏறாத காம்பவுண்டுச் சுவரைப் பேச்சு ஏறிவிடும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று ஒரு நியதி உண்டல்லவா, அதில் வாங்கினவள் பதிலுக்கு ஏதாவது போட்டுத் தர வேண்டும். எதிர்வீட்டுப் பதார்த்தத்தைத் தன் வீட்டில் தின்ன மாட்டார்கள் என்றால் கிண்ணம் முதலிலேயே நின்றுவிடும். ‘எப்படி வச்சீங்க?’ என்று கேட்டுக்கொண்டுபோய்த் தன் அடுப்பில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் தடையில்லை. இதை ஒற்றுமை என்று சொல்லலாமா? எனக்குத் தயக்கமாக இருக்கிறது. செய்முறையை எடுத்துக்கொண்டு, செய்த கையை ஒதுக்குவதும் இதற்குள் அடங்கும்.

5

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ (1988இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை) இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதது. சமையலறையை ஆள்வதே தன் பலம் என்று வாழ்ந்த ஜீஜியிடம், அந்தப் பலம் உண்மையானதில்லை என்று மருமகள் மீனாட்சி பேசுகிறாள். அந்தக் கதையோடு நான் உடன்படுகிறேன். இடத்தை அது சரியாக வாசிக்கிறது. இங்கே நான் பார்த்தது, அந்த இடத்திலிருந்து எழுந்து வெளியே வருகிற பேச்சை. அடுப்படி மூலையில் இருக்கலாம். அதைப் பற்றிய பேச்சு ரயிலேறி ஊரைச் சுற்றுகிறது.

அப்படியானால் விமர்சகருக்கு என்ன வேலை? தாலாட்டைப் போல இதையும் சேகரித்து அடுக்கிவைப்பதில்லை. மூன்று காரியங்கள் செய்யலாம் என்று தோன்றுகிறது. பெண் எழுத்தை வாசிக்கிறபோது, ‘எனக்கு’ என்கிற உருபு சாப்பாட்டு வாக்கியங்களில் எங்கே வருகிறது என்று தேடலாம். தலித் எழுத்தை வாசிக்கிறபோது, பெயர் சொல்லப்படாத குழம்புகளின் பெயரை அந்த எழுத்து எப்படி உரக்கச் சொல்கிறது, அதனால் யாருக்குச் சங்கடமாகிறது என்று பார்க்கலாம். நம் வீட்டில் ராத்திரிச் சமையல் பற்றிய கேள்வியைக் கேட்கிறவர் யார், பதில் சொல்கிறவர் யார் என்பதையும் வாசிக்கலாம். தத்துவம் பேசுகிற ஆண் நண்பர்கள் பலர் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறார்கள். ‘நீ என்ன வைத்தாய்?’ என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.