பொங்கல் லீவில் ஸ்பிட்டி: ஆர்கானிக் மேப்ஸ் எவ்வளவு கைகொடுக்கும்?

தீபாவளியை விட்டால் திருப்பூரில் கம்பெனிகள் சேர்ந்தாற்போல் மூடிக் கிடப்பது பொங்கலுக்குத்தான். அந்த லீவில் மூணாறு, வால்பாறை என்று போய் அலுத்த எங்கள் கூட்டம் இந்த முறை கண் வைத்திருப்பது இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கு. மழை எட்டிப் பார்க்காத குளிர் பாலைவனம். ஜனவரி ராத்திரியில் மைனஸ் 20 டிகிரி அங்கே சர்வசாதாரணம். இங்கிருந்தே கார் ஓட்டிக்கொண்டு போக லீவு பத்தாது. கோவையில் விமானம் ஏறி, டெல்லி மாறி சண்டிகர், அங்கிருந்து மலை ரோடு பழகிய டிரைவரோடு ஒரு வண்டி என்பது ஏற்பாடு.

திட்டம் போட நான் எடுத்துக்கொண்டது ஆர்கானிக் மேப்ஸ். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுகிற இலவச ஆப். விளம்பரம் கிடையாது, அக்கவுண்ட் தொடங்கச் சொல்லாது. மேப்ஸ்.மீ-யிலிருந்து 2021-ல் பிரிந்து வந்தது. 2025-ல் இதிலும் பங்காளிச் சண்டை வந்து கோமேப்ஸ் என்று ஒன்று தனிக்குடித்தனம் போய்விட்டது. இமாசல மேப்பை வீட்டு வைஃபையில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும்; அப்புறம் சிம்மே இல்லாவிட்டாலும் வழி சொல்லும்.

அதைச் சோதிக்க ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு, போனை ஃப்ளைட் மோடில் போட்டுக்கொண்டே ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீல அம்பு வண்டியோடு ஒட்டிக்கொண்டே திரும்பியது. ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிந்தால் போதும், டவர் வேண்டாம் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஒரு புள்ளி சிக்னல் இல்லாத மலையில் பார்ப்பது வேறு. ஆனால் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையைப் பெயர் சொல்லித் தேட இது தோதுப்படாது. தன்னார்வலர்கள் வரைந்த மேப். தெரு இருக்கும், கடைப் பெயர் இருக்குமென்று சொல்ல முடியாது. இல்லாததை ஆப்பிலிருந்து நாமே சேர்க்கலாம் என்பது ஒரு ஆறுதல்.

எனக்கு இதில் பிடித்துப்போனது உயர வரைபடம். கார் வழியில் அது வராது. வழியைப் போட்டுவிட்டு சைக்கிள் படத்தைத் தொட்டால், திரையின் அடியில் ஏற்ற இறக்கம் ஒரு கோடாக விரிகிறது. சைக்கிளில் போகப் போவதில்லை. ஆனால் எந்த ஊரில் படுக்கலாம் என்பதை அந்தக் கோடுதான் சொல்கிறது. சிம்லா ஏறத்தாழ நம் ஊட்டி உயரம். கல்பா 2,960 மீட்டர் வாக்கில். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான் என்பதால் அங்கேயே தமிழ்நாட்டை மிஞ்சிவிடுகிறோம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ராத்திரி தங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

ஊர்ப் பட்டியலை மட்டும் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் கல்பாவுக்கு அடுத்த ராத்திரியை நாக்கோவில் வைத்துவிடுவார்கள். ஏரிக்கரை ஊர், அழகுதான். ஆனால் அது 3,660 மீட்டர். ஒரே நாளில் 700 மீட்டர் தாவல். வரைபடத்தில் நாக்கோ ஒரு முகடு, அதைத் தாண்டியதும் கோடு கீழே இறங்கித் தாபோவில் 3,280-க்கு வருகிறது. ஆக நாக்கோவில் டீ குடித்துவிட்டுத் தாபோவில் தூங்க வேண்டும். 996-ல் கட்டிய மடாலயம் உள்ள ஊர். ஒரு பகல் கூடுதலாகக் கிடைத்தாலும் வீணாகாது. மறுநாள் காசா, 3,700 மீட்டரை ஒட்டி.

இனி குறைகள். எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவர் போனை நீட்டி, “அண்ணா, மணாலியிலிருந்து காசாவுக்கு ரோடு இருக்குதுங்களே, இருநூறு கிலோமீட்டர்தானுங்க” என்றார். ரோடு இருக்கிறது, ஜனவரியில் இல்லை. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் லாஹுல் வரைதான் கொண்டுபோய் விடும். அதற்கப்பால் 4,500 மீட்டருக்கு மேலே உள்ள குன்சும் கணவாய் பனியில் மூடினால் திறக்க மே, ஜூன் ஆகிவிடும். ஆஃப்லைன் மேப்புக்குப் பனி தெரியாது. நடுவில் ரெக்காங் பியோவை ஒரு ஸ்டாப்பாகச் சேர்த்தால் வழி கின்னோர் பக்கம் திரும்பிவிடும். குளிர்காலத்தில் எல்லைச் சாலைகள் அமைப்பு பனி தள்ளித் திறந்து வைப்பது அந்த வழியைத்தான்.

அது காட்டும் நேரத்தையும் நம்ப வேண்டாம். நாக்கோவுக்குப் பக்கத்தில் மாலிங் நாலா என்றொரு சரிவு இடம் உண்டு. கல் உருண்டால் அரை நாள் போகும். நான் ஆப் சொல்லும் நேரத்தை இரண்டால் பெருக்கி, மாலை நான்குக்குள் ஊர் சேருகிற மாதிரி போட்டிருக்கிறேன். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் பகலில் உருகிய நீர் ரோட்டிலேயே கண்ணாடியாக உறைந்துவிடும்.

புக்மார்க் வசதி நன்று. சிவப்பில் பெட்ரோல் பங்க், பச்சையில் தங்குமிடம், நீலத்தில் ஆஸ்பத்திரி என்று குறித்து, கோப்பாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். சிவப்பில் முக்கியமானது பொவாரி. அங்கே டேங்கை நிரப்பாமல் நகரக் கூடாது. நம்பி ஓட்டக்கூடிய அடுத்த பங்க் காசாவில். டீசல் வண்டி என்றால் இன்னொரு தொல்லை: கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை லடாக்கில் கொண்டுவந்தது. நாங்கள் பெட்ரோல் வண்டிதான் கேட்டிருக்கிறோம்.

போன் பேட்டரியும் குளிரில் சட்டென்று இறங்கும். சட்டை உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பதே வழி. பூஜ்ஜியத்துக்குக் கீழே சில்லிட்டுக் கிடக்கும் போனை அப்படியே சார்ஜில் போட்டால் பேட்டரி கெடும். பாக்கெட் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று: உடம்போடு ஒட்டும் உடுப்பு காட்டன் பனியனாக இருக்க வேண்டாம். வேர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்பைச் சில்லிட வைக்கும். பாலியெஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல் போடுங்கள். காட்டன் விற்றே சாப்பிடுகிற ஊரில் இதைச் சொல்ல எனக்கும் சங்கடம்தான்.

தீர்ப்பு: திட்டம் போட, தடம் தவறாமல் இருக்க, பத்துக்கு எட்டு மதிப்பெண். போகலாமா திரும்பலாமா என்று முடிவெடுக்க, சைபர். அதற்குத் தாபோவிலும் காசாவிலும் தங்கப்போகும் வீட்டுக்காரர்களின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். கிளம்புகிற அன்று காலையில் கல்பாவிலிருந்து ஒரு போன். திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளை வெறுமனே விட்டிருக்கிறோம், டிக்கெட்டும் தேதி மாற்றக்கூடியதாக. முதலாளியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.