நினைவாலயத்தின் மொழி: புக்கன்வால்ட் குறித்து ஒரு நோக்கு

இலக்கியப் படைப்பினைப் போன்றே நினைவாலயத்தையும் திறனாய்வுக்கு உட்படுத்தலாம். அது யாரைப் பேசவைக்கிறது, யாரை மௌனத்தில் ஆழ்த்துகிறது என்பதே அங்கு எழும் முதல் வினாவாகும். ஜேர்மனியில் எட்டர்ஸ்பேர்க் குன்றின்மீது அமைந்துள்ள புக்கன்வால்ட் வதைமுகாம் நினைவாலயம் இவ்வகை ஆய்வுக்குப் பெரிதும் பொருந்துவது.

குன்றின் அடியில் கோதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமார் நகரம் உள்ளது. 1937 இல் நாசிகள் நிறுவிய இம்முகாமிலும் இதன் கிளைகளிலும் 1945 வரை ஏறத்தாழ 280,000 பேர் அடைக்கப்பட்டனர்; அவர்களுள் 56,000 பேர் வரை மாண்டனர். ‘அவரவர்க்கு அவரவர்க்குரியது’ என்னும் வாசகம், உள்ளே நிற்போர் வாசிக்கும் வண்ணம் வாயிற்கதவில் பொறிக்கப்பட்டது. நீதி பற்றிய பழைய உரோமானியக் கோட்பாடு இங்கு ஏளனமாகத் திரிக்கப்பட்டது. அவ்வெழுத்துக்களை வடிவமைக்க நேர்ந்தவர், கைதியாக இருந்த பௌஹவுஸ் மாணவர் பிரான்ஸ் ஏர்லிக். உயர்ந்த பண்பாடு கொடுமைக்குத் தடையரணாகும் என்னும் நம்பிக்கை இக்கதவின் முன் தளர்ந்துவிடுகிறது.

கிழக்கு ஜேர்மன் அரசு 1958 இல் குன்றின் தென்சரிவில் பெரும் நினைவகமொன்றைத் திறந்தது. மணிக்கோபுரத்தின் முன் பிரிட்ஸ் கிரேமர் வடித்த வெண்கலச் சிற்பத்தொகுதி நிற்கிறது. போராடி வென்ற கைதிகளே அதன் நாயகர். இதற்கு வரலாற்று ஆதாரம் இல்லாமலில்லை. 1945 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படை நெருங்கியபோது, இரகசியமாக ஆயுதம் திரட்டியிருந்த கைதிகள் காவற்கோபுரங்களைக் கைப்பற்றினர். ஆயின், ‘சிறுமுகாம்’ எனப்பட்ட பகுதியின் குதிரை லாயங்களில் பட்டினியாலும் நோயாலும் மடிந்தவர்கள் எதனை வென்றனர்? யூதரும் சிந்தி, ரோமா மக்களும் தமக்கு நேர்ந்த தனித்த கொடுமையோடு, பாசிச எதிர்ப்பு என்னும் பொதுப்பெயருள் அமிழ்ந்தனர். 1945 முதல் 1950 வரை அதே இடத்தில் இயங்கிய சோவியத் சிறப்புமுகாமில் 7,000க்கும் அதிகமானோர் இறந்தமை பற்றியோ பேசவே இடமிருக்கவில்லை.

ஜேர்மனி 1990 இல் ஒன்றிணைந்தபின் இக்குறைகள் படிப்படியாக ஈடுசெய்யப்பட்டன. யூதர்க்கு 1993 இலும், சிந்தி, ரோமா மக்களுக்கு 1995 இலும், சிறுமுகாமுக்கு 2002 இலும் நினைவிடங்கள் அமைந்தன. சோவியத் முகாமின் வரலாறு தனிக் காட்சியகத்தில் வைக்கப்பட்டது. இது தக்கதொரு முடிவே. ஒரு கொடுமையைக் காட்டி மற்றொன்றைச் சிறிதாக்கலாகாது. ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றை மறைத்தலும் ஆகாது.

விடுதலையான கைதிகள் 1945 ஏப்ரலில் அணிவகுப்புத் திடலில் மரத்தூபி ஒன்றை எழுப்பினர். அவ்விடத்தில் 1995 இல் ஹோர்ஸ்ட் ஹோஹைசலும் அன்ட்ரியாஸ் நிட்ஸும் உலோகத் தகடொன்றைப் பதித்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களின் பெயர்களைத் தாங்கும் அத்தகடு எக்காலத்தும் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதுவே மனித உடலின் வெப்பம். பனிக்காலத்திலும் அதன்மீது பனி தங்குவதில்லை. அதனைத் தொட விரும்புவோர் குனிதல் வேண்டும். கிரேமரின் சிற்பம் நம்மை அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. இவ்விரு உடல்நிலைகளிலும் இருவேறு வரலாற்று நோக்குகள் அடங்கியுள்ளன எனலாம்.

எனினும், தகட்டினையும் குறையற்றதெனக் கொள்ளவியலாது. கொன்றவர் யார், கொலையை இயல்பாக்கிய சமூக அமைப்பு யாது என்பனவற்றை அது கூறுவதில்லை. இரக்கம் வரலாற்றறிவின் இடத்தை நிரப்பிவிட முடியாது. காட்சியகமும் ஆவணங்களும் அருகிருக்கும்போதே அதன் மௌனம் பொருள் பெறுகிறது.

இறந்தோரைத் தன் வெற்றிக்குச் சாட்சியாக நிறுத்தும் ஆட்சி, அவர்களுள் தனக்குப் பயன்படாதவரை இரண்டாம் முறையும் புதைக்கிறது. நினைவாலயம் எழுப்பும் எச்சமூகமும் எதிர்கொள்ள வேண்டிய உரைகல் இதுவே.