ஆமிலும் மாமூலும்

அரபு மத்ரஸாக்களில் இலக்கணம் ஓதத் தொடங்கும் மாணவன் கையில் தவழும் சிறு நூல்களுள் ஒன்று 'மிஅத்து ஆமில்'. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானீ அவர்கள், ஒரு சொல்லின் ஈற்றை மாற்ற வல்ல காரணிகளை நூறாக வகுத்தார்கள். அவற்றின் வழி எழுந்த பாடமே இந்நூல். மாற்றத்தைச் செய்வதற்கு 'ஆமில்' என்று பெயர். மாற்றத்தை ஏற்பதற்கு 'மஃமூல்' என்று பெயர். நூறு ஆமில்களில் 98 நாவால் மொழியப்படுபவை. எஞ்சிய 2 கருத்தளவில் மட்டும் நிற்பவை. இதனை ஓதிக் கொடுத்த எம் ஆசிரியப் பெருந்தகை, ஒரு விதியை மட்டும் நாள்தோறும் ஒப்புவிக்கச் செய்வார்கள். ஆமில் இன்றி மஃமூல் இல்லை. ஈறு மாறிய சொல்லைக் கண்டால் மாற்றியது எது எனத் தேட வேண்டும். அது கண்ணில் படவில்லையாயின், இல்லை என்று முடிவு கட்டாது, மறைந்து நிற்கிறது என்று கொள்ள வேண்டும்.

இந்த மஃமூல் என்னும் அரபுச் சொல்லே பாரசீகம், உருது வழியே தமிழகம் வந்து 'மாமூல்' ஆயிற்று. செய்யப்பட்டது, செய்து பழகியது, வழக்கமானது என்பன அதன் பொருள். தமிழிலும் முதலில் இப்பொருளிலேயே வழங்கிற்று. கலவரம் ஓய்ந்த ஊரில் மாமூல் நிலை திரும்பியது என்று நாளேடுகள் எழுதுகின்றன. அதில் குற்றப் பொருள் ஏதுமில்லை. ஆயின் அதே சொல், தவறு செய்பவன் தன் தவறு தடையின்றி நடக்கும் பொருட்டு அதிகாரம் உடையவனுக்குத் தவணை தவறாது கொடுத்து வரும் பணத்திற்கும் பெயராகிவிட்டது. இச்சொல்லின் இவ்வழக்கையே நாம் இங்குத் திறனாய்வு செய்ய விழைகின்றோம்.

கையூட்டைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. 'ஊழல்' என்பது முதிர்ந்து அழுகுதலைக் காட்டும் 'ஊழ்த்தல்' என்பதன் உறவு. சொல்லிலேயே நாற்றம் உண்டு. 'கையூட்டு' என்பதில் பசித்த கைக்கு உணவு ஊட்டும் இழிநிலை உண்டு. வடமொழி வழி வந்த 'இலஞ்சம்' என்னும் சொல்லைத் தன்மீது ஏற்றிக்கொள்ள எவரும் கூசுவர். அரபியில் 'ரிஷ்வத்' என்பர். அது, கிணற்று நீரை எட்டுவதற்கு வாளியிற் கட்டும் கயிறாகிய 'ரிஷாஉ' என்பதிலிருந்து வந்தது என்று இமாம் இப்னுல் அஃதீர் விளக்கம் தருகின்றார்கள். கயிறு இல்லாதவனுக்குக் கிணறு நிறைய நீர் இருந்தும் தாகம் தீராது என்பது அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றது. இந்நான்கு சொற்களும் செயலின் இழிவை மறைக்கவில்லை. மாமூல் ஒன்றே மறைக்கின்றது. வாங்குபவன் வெட்கப்பட வேண்டியதில்லை, கொடுப்பவன் அஞ்ச வேண்டியதில்லை, பார்ப்பவன் கேள்வி எழுப்ப வேண்டியதில்லை என்னும் மூவகை விடுதலையை அது ஒருங்கே வழங்கிவிடுகின்றது.

ஒரு சொல்லால் இத்துணைக் கேடு விளையுமா என்று வாசகர் வினவலாம். அவர்களைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கின்றது.

2024ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18, 19 ஆகிய நாட்களில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் கூலி வேலை செய்து பிழைக்கும் எளிய மக்கள், பொட்டலங்களில் விற்கப்பட்ட சாராயத்தைக் குடித்தனர். அதில் கலந்திருந்தது மெத்தனால். உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகின்றது. அது கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கின்றது. பின் உயிரையும் பறிக்கின்றது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். மாண்டோர் 65 பேருக்கும் அதிகம். ஆண்கள் மட்டுமல்லர், பெண்களும் அவர்களுள் இருந்தனர். தாய் தந்தை இருவரையும் இழந்து நின்ற பிள்ளைகளையும் நாடு கண்டது.

இச்சாவுகள் நிகழ்ந்த தெருக்கள் எங்கோ காட்டின் நடுவே இருப்பவை அல்ல. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தொலைவில் இருக்க, மாவட்டத் தலைநகரின் உள்ளேயே இவ்வணிகம் நடந்தது. முதற் சாவுகள் நேர்ந்த வேளையில், அவை சாராயத்தால் நேர்ந்தவை என்பது உறுதியாகவில்லை என்னும் விளக்கமே மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து வந்தது. இறந்தவரின் துக்கத்திற்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்து மாண்டனர் என்று செய்திகள் கூறின. பின்னர் மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார்; காவல் கண்காணிப்பாளரும் மதுவிலக்குப் பிரிவுக் காவலர் பலரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்; இறந்தோர் குடும்பத்திற்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது; ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், காவல்துறை கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்னும் கருத்தைப் பதிவு செய்து, வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் டிசம்பர் 17இல் ஏற்க மறுத்தது. எவர் கை நனைந்தது என்று கூறுவது விசாரணையின் பணி. நாம் எவர் மீதும் பழி சாற்றவில்லை. நம் பணி சொல்லைப் பற்றியது.

சட்டம் இல்லாததால் இது நேர்ந்தது என்று எவரும் கூற முடியாது. மதராஸ் மதுவிலக்குச் சட்டம் 1937இல் இராஜாஜி அவர்களின் அமைச்சரவையால் இயற்றப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்திலேதான் முதன்முதல் செயலுக்கு வந்தது. கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அச்சேலத்தைச் சேர்ந்ததே. மதுக்கடைகளை அரசே நடத்தும் இந்நாளிலும், கள்ளச்சாராயத்தைத் தடுக்கும் சட்டமாக அதுவே நிற்கின்றது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே மெத்தனாலால் மாண்டபோதும் அச்சட்டம் இருந்தது. ஓராண்டு கழித்துக் கருணாபுரத்திலும் அது இருந்தது. அதன் பின்னர், 2024 ஜூன் 29இல் சட்டமன்றம் திருத்தம் கொண்டு வந்து, உயிர்ப்பலிக்குக் காரணமாகும் சாராய விற்பனைக்கு ஆயுட்காலக் கடுங்காவலும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதித்தது. தண்டனை கூடிற்று, நன்று. ஆயின் குறை இருந்தது தண்டனையிலா, அன்றி அதனைச் செயற்படுத்துவதிலா?

இங்கேதான் நம் இலக்கணப் பாடம் துணைக்கு வருகின்றது. சட்டம் நடைமுறைக்கு வந்தது என்பதைத் தமிழில் 'அமலுக்கு வந்தது' என்கின்றோம். சாராயத்தைத் தடுக்கும் காவற் பிரிவுக்கே 'மதுவிலக்கு அமல் பிரிவு' என்று பெயர் வழங்குகின்றோம். 'அமல்' என்றால் செயல். செயலைச் செய்பவர் 'ஆமில்'. அரசின் பணியாளருக்கும் அதுவே பழைய அரபுப் பெயர். செய்யப்பட்டுப் பழகியது 'மஃமூல்'. அமல், ஆமில், மாமூல் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆமில் தன் அமலைச் செய்யாத இடத்தை மாமூல் நிரப்புகின்றது. நாட்டின் நிலையை நமக்கு எடுத்துரைக்க இதைவிடத் தெளிவான அகராதி வேண்டியதில்லை.

கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின் பலருடைய விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. அம்மலையில் சாராயம் காய்ச்சப்படுவது பழைய கதைதான். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் 65 உயிர்களைக் குடித்த மெத்தனால் மலையில் ஊறியதன்று. அது தொழிற்சாலைப் பொருள். வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டுவது. சமவெளியின் சாலைகளில் வண்டியேறி வந்தது. பதிவேட்டையும் சோதனைச் சாவடியையும் கடந்து வந்த நஞ்சுக்கு, இரண்டும் இல்லாத மலையின் மக்கள் பொறுப்பேற்க நேர்ந்தது.

அம்மக்கள் யாவர்? மலையாளிகள் என்று பெயர் பெற்ற தமிழ்ப் பழங்குடியினர், கேரளத்தாருடன் குழப்பிக்கொள்ளலாகாது. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்பவர். நாடு 1947இல் விடுதலை பெற்றபோதும் அம்மலை ஜாகிர்தார்களின் கையிலேயே இருந்தது. 29 ஆண்டுகள் கழித்து 1976இல்தான் ஜாகிர் முறை நீங்கி அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து, அம்மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் கல்வியும் குடும்ப அட்டையும் சென்று சேர்ந்தனவா என்று அரசை வினவ வேண்டியிருந்தது. சோதனைக்குச் செல்லும் காவலர் வண்டிக்குத் தெரிந்த வழி, நோயாளியை ஏற்றி வரும் வண்டிக்கு ஏன் தெரியாமற் போயிற்று என்பதே அவ்வழக்கின் உட்பொருள் என்று நாம் கொள்கின்றோம்.

பழங்குடிச் சான்றிதழ் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது இல்லையேல் பிள்ளைக்குக் கல்விச் சலுகை இல்லை, வேலைக்கு இட ஒதுக்கீடு இல்லை. அம்மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படியேறிக் கோட்டாட்சியரை அடைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாட்கூலி இழப்பு. மலையிலிருந்து இறங்கி வந்த ஏழைக்கு, காத்திருப்பதன் செலவைவிடக் கையூட்டின் செலவு குறைவு என்னும் கணக்கைத் தாமதமே கற்பிக்கின்றது. ஆகவே தாமதத்தையும் கையூட்டையும் இரு நோய்களாகப் பிரித்துக் காண்பது பிழை. தாமதம் விளைநிலம்; மாமூல் விளைச்சல்.

இத்தாமதத்திற்கென்று ஒரு மொழிநடையும் வளர்ந்துள்ளது. 'மனு பரிசீலனையில் உள்ளது', 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது', 'ஆவன செய்யப்படும்' என்னும் வாக்கியங்களில் செய்பவன் எங்கே? அரபு இலக்கணத்தார் செயப்பாட்டு வினையை 'மஜ்ஹூல்', அதாவது அறியப்படாதது என்பர். அங்கு எழுவாய் இடத்தில் அமரும் சொல்லுக்கு 'நாயிபுல் ஃபாஇல்', அதாவது செய்தவனின் பதிலாள் என்று பெயரிட்டனர். நம் அலுவலகத் தமிழில் பதிலாள் மட்டுமே உண்டு. செய்தவன் என்றும் மஜ்ஹூல்தான். பொறுப்பேற்க ஆள் இல்லாத வாக்கியம், பொறுப்பேற்க ஆள் இல்லாத நிர்வாகத்தின் நிழலே.

நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றையும் இங்கு மறைக்காது கூறிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், எம் உறவில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்திற்குப் பன்முறை நடந்தோம். நான்காம் முறை வாயிலில் நின்ற ஒருவர், "ஹஜ்ரத், உங்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இது மாமூல்தானே" என்றார். கொடுத்தோம். சான்றிதழ் அவ்வாரமே வந்தது. மறுநாள் காலை மத்ரஸாவில், கையூட்டுக் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் வரும் ஹதீஸை ஓதிக் கொடுக்கும் முறை எமக்கு வாய்த்தது. குரல் கம்மிற்று.

தன் உரிமையைப் பெற வேறு வழியின்றிக் கொடுப்பவன் மீது குற்றமில்லை, வாங்குபவன் மீதே குற்றம் என்று சட்டமேதைகள் பலர் சலுகை கூறியிருப்பதை நாம் அறிவோம். இந்திய அரசின் ஊழல் தடுப்புச் சட்டமும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கொடுப்பவனையும் குற்றவாளியாக்கி, வற்புறுத்தலால் கொடுத்தவன் ஏழு நாட்களுக்குள் முறையிட்டால் அவனை விடுவிக்கின்றது. இரு சட்டங்களும் சலுகைக்கு ஒரு விலை கேட்கின்றன: வேறு வழியைத் தேடியிருக்க வேண்டும், அல்லது வாய் திறந்திருக்க வேண்டும். நாம் இரண்டையும் செய்யவில்லை. 'மாமூல்தானே' என்னும் சொல் எம் வாயை அடைத்துவிட்டது.

ஸஹீஹுல் புகாரியில் 'ஹதாயல் உம்மால்' என்று ஒரு பாடம் உண்டு. 'உம்மால்' என்பது ஆமில் என்பதன் பன்மை. ஆமில்களுக்கு வரும் அன்பளிப்புகள் என்பது பொருள். ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பங்கைப் பொதுநிதிக்கு என்றும் மறு பங்கைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றும் பிரித்து வைத்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் பெற்றோர் இல்லத்தில் அமர்ந்திருந்தால் இவ்வன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்னும் கருத்துப்பட வினவினார்கள். பணம் வந்தது மனிதனைத் தேடியன்று, பதவியைத் தேடி என்பதை அவ்வினா உடைத்துக் காட்டியது. செங்கோலை ஏந்தியவன் கேட்கும் கொடை வழிப்பறிக்கு நிகர் என்று கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துவதும் இதுவே. அன்று வந்த பெயர் 'அன்பளிப்பு'. இன்று வந்திருக்கும் பெயர் 'மாமூல்'. பெருமானார் முதலில் நீக்கியது அப்பெயர்த் திரையைத்தான்.

எழுதுவோராகிய நம் கடன் இங்கே தொடங்குகின்றது. நம் கதைகளிலும் மேடை நாடகங்களிலும் மாமூல் பெரும்பாலும் சிரிப்பூட்டும் துணுக்காகவே வருகின்றது. தொப்பை பெருத்த காவலரும் தலை சொறியும் கடைநிலை ஊழியரும் அவைக்கு வந்து நகைப்பை வாங்கிச் செல்கின்றனர். சிரித்த அவை அச்செயலை மன்னித்துவிடுகின்றது. கருணாபுரத்தில் அடுத்தடுத்து எரிந்த சிதைகளுக்கு முன் அத்துணுக்கைச் சொல்லிப் பார்க்கட்டும், எவர் சிரிப்பார்?

ஆதலின், கையூட்டைக் குறிக்க 'மாமூல்' என்னும் சொல்லைக் கையாள்வதில்லை என்று எம்மளவில் உறுதி பூண்டுள்ளோம். இலஞ்சம் என்றே எழுதுவோம். இலஞ்சம் என்றே மாணவர்க்குச் சொல்வோம். சொல் மாறினால் நாடு மாறிவிடும் என்று எண்ணும் பேதைமை எமக்கில்லை. ஆயின் அடுத்த முறை ஓர் அலுவலக வாயிலில் எவரேனும் எம்மிடம் அதைக் கேட்டால், 'என்ன, இலஞ்சமா?' என்று உரக்க வினவும் துணிவையேனும் அச்சொல் தரும். மறைந்து நிற்கும் ஆமிலைத் தேடுக என்று எம் ஆசிரியர் கற்பித்த பாடத்தை, அன்றுதான் நாம் ஓதி முடித்தவராவோம். அத்துணிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.