தெமோதரையின் தலைப்பாகை

நான் வசிக்கும் போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்மில் ரயில் சத்தம் கேட்காது. அந்தமானிலேயே பயணிகள் ரயில் கிடையாது. ஆனால் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை இந்தத் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில்தான், ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். மலையகம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தேயிலை அல்ல, தெமோதரை ரயில் நிலையம்.

சுரங்கப்பாதைக்கு மேலே நிலையம் கட்டியிருக்கிறார்கள். அதுவும் வேறு ஏதோ பாதையின் சுரங்கம் இல்லை, அதே பாதை. எல்லவிலிருந்து வரும் ரயில் தெமோதரையில் நிற்கும். புறப்பட்டு, குன்றைச் சுற்றி இறங்கி, கொஞ்ச நேரத்தில் தான் நின்ற நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போய்விடும்.

ஏன் இந்தச் சுற்று? பட்டிப்பொலவில் கிட்டத்தட்ட 1,890 மீட்டர் உயரத்தைத் தொடும் பாதை, பதுளைக்குள் 650 மீட்டர் அளவுக்கு இறங்கியாக வேண்டும். அகலப்பாதை, நீராவி இஞ்சின். 44 அடி ஓடினால் ஓர் அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது இந்த மலைப்பாதையின் கணக்கு. நீலகிரியில் பல்சக்கரம் வைத்துச் சமாளித்தார்கள். இங்கே அது இல்லை. பாதையின் நீளத்தைக் கூட்டுவதுதான் வழி. பதுளை வரை ரயில் வந்தது 1924இல்.

மலையகத்தில் ஒரு கதை சொல்வார்கள். வழி தெரியாமல் தவித்த பொறியாளர் முன்னால் தொழிலாளர்களை மேற்பார்க்கும் ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து, மறுபடி சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்ததும் அவருக்கு விடை கிடைத்ததாம். கதையோ நிஜமோ, அந்த வடிவத்தை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. துணியின் ஒரு சுற்று இன்னொரு சுற்றுக்கு அடியில் செருகப்படும் இடம் இருக்கிறதே, அதுதான் நிலையம். கதையில் கங்காணிக்கு இடம் கிடைத்தது நியாயம்தான். ஆனால் மலையகத்தின் பாதைகளில் மண் வெட்டிக் கல் சுமந்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு கதைகூட இல்லை.

சுவிட்சர்லாந்தில் 1882இல் திறந்த கோட்ஹார்ட் பாதை, சுழலை மலைக்குள் ஒளித்து வைத்தது. அதே நாட்டின் புருசியோவில் 1908இல் அதையே திறந்தவெளியில் கல் வளைவுகள்மேல் ஓடவிட்டார்கள். தெமோதரை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுற்று முழுக்க வெளிச்சத்தில். பாதை தன்னையே கடக்கும் இடம் மட்டும் இருட்டில். அந்த இருட்டின் தலைமேல் பெஞ்சு, டிக்கெட் கவுண்டர், பயணிகள். இந்தச் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது. தனியாக ஒரு பாலம் எழுப்பவில்லை. குன்றையே பாலமாக்கிவிட்டார்கள்.

எல்லவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பது வளைவுப் பாலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த நிலையம்தான் தெமோதரை. அங்கே இறங்கிக்கொள்ளுங்கள்; ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தால் சுற்று புரியாது. வண்டியை அனுப்பிவிட்டுச் சுரங்கம் தெரியும் பக்கமாக நின்று கீழே பாருங்கள். அதே பெட்டிகள் காலுக்கடியிலிருந்து வரும்.